எந்த உலக உருண்டை? செயற்கைக்கோள் படம் பார்க்க எதைத் திறப்பது

"கூகுள் எர்த் இருக்கிறதே, அப்புறம் எதற்கு மற்றதெல்லாம்?" செயற்கைக்கோள் படம் பற்றிப் பேச்சு வந்தால் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். மீதிப் பேர் நேர்மாறு. உலக உருண்டையைத் திரையில் காட்டும் ஐந்தாறு மென்பொருளை இறக்கி வைத்துக்கொண்டு, எதைத் திறப்பதென்று தெரியாமல் விழிப்பார்கள். இரு தரப்புக்கும் குழப்பம் ஒரே இடத்தில்தான். மென்பொருளை ஒப்பிடுகிறார்கள், அதற்குள் இருக்கும் படத்தை ஒப்பிடுவதில்லை.

நானும் அப்படி ஒருமுறை மூக்குடைபட்டவன்தான். உருண்டையைச் சுழற்றி ஒரு ஏரிக்குப் போனேன். வடபாதியில் தண்ணீர், தென்பாதியில் வெறும் வெடித்த மண். ஏரி பாதி வற்றிவிட்டது என்று படத்தை வெட்டி ஒருவருக்கு அனுப்பியும்விட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது: தண்ணீருக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்தது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரு நேர்க்கோடு. எந்த ஏரியும் நேர்க்கோட்டில் வற்றாது. வேறு வேறு பருவத்தில் எடுத்த இரண்டு படங்களை அங்கே ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

உலக உருண்டை முழுக்கவே இப்படி ஒட்டுப் போட்ட துணிதான். படம் எடுத்தவர்களின் பெயர் திரையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்: மேக்ஸார், ஏர்பஸ், லேண்ட்சாட், கோபர்நிகஸ். இடத்தை நகர்த்தினால் பெயரும் மாறும்.

## முதலில் அளவுகோல்கள்

கூர்மை. ஒரு பிக்ஸல் எவ்வளவு நிலத்தை விழுங்குகிறது என்பதே கணக்கு. நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் கூர்மையான பட்டையிலேயே (பட்டை என்பது ஒளியின் ஒரு பகுதி) ஒரு பிக்ஸல் 250 மீட்டர். அமெரிக்காவின் லேண்ட்சாட்டில் 30 மீட்டர். ஐரோப்பாவின் சென்டினல்-2இல் 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர் நிலம் ஒரே புள்ளி. சிறிய வீடு அதற்குள் காணாமல் போய்விடும். வணிகச் செயற்கைக்கோள்களில் அரை மீட்டருக்கும் கீழே போகலாம். 2014இல் ஏவப்பட்ட வேர்ல்ட்வியூ-3 செயற்கைக்கோள் கருப்பு வெள்ளையில் 31 சென்டிமீட்டர் வரை பிரித்துக் காட்டுகிறது. சென்டினலின் ஒரு புள்ளி இருக்கும் இடத்தில் 50 சென்டிமீட்டர் படம் 400 புள்ளிகளை வைத்துவிடும்.

புதுமை. படம் எடுத்த தேதி எது, அடுத்த படம் எப்போது வரும்.

பழைய படங்கள். எந்த ஆண்டு வரை பின்னால் போக முடிகிறது, ஒவ்வொரு படத்துக்கும் நம்பகமான தேதி உண்டா.

உரிமை. பார்ப்பது வேறு, எடுத்து ஆள்வது வேறு. அச்சில் போடலாமா, அதன் மேல் கோடு வரைந்து புதிய வரைபடம் உருவாக்கலாமா, மூலத் தரவை இறக்கிக் கணக்குப் போடலாமா என்பதெல்லாம் இதில் அடக்கம்.

பாரம். கணினி எவ்வளவு தாங்கும், இணையம் இல்லாவிட்டால் என்ன ஆகும்.

இந்த ஐந்தில் முதல் இரண்டும் எப்போதும் மல்லுக்கட்டும். ஊசிமுனை போன்ற படம் வேண்டுமென்றால் அது பழையதாக இருக்கும். நேற்றைய படம் வேண்டுமென்றால் மங்கலாக இருக்கும். இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். கீழே வரும் எதுவுமே இதற்கு விலக்கல்ல.

சோதனைக்கு ஒரே இடத்தை எல்லாவற்றிலும் திறந்து பார்க்கலாம். மத்திய ஆசியாவின் ஆரல் கடலை எடுத்துக்கொள்கிறேன். 1960இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த நீர்ப்பரப்பு அது. அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளின் நீரையும் பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டதில் சுருங்கிப்போனது. அதன் பழைய தென்கரையில் மொய்னாக் என்ற ஊர். அங்கே மீன்பிடிக் கப்பல்கள் துருப்பிடித்து மணலில் நிற்கின்றன.

## கூகுள் எர்த்

கீஹோல் என்ற நிறுவனத்தை 2004இல் கூகுள் வாங்கியது. அதன் மென்பொருள் 2005இல் கூகுள் எர்த் என்ற பெயரில் வந்தது. ஆண்டுக்கு 399 டாலர் கட்டணம் இருந்த ப்ரோ பதிப்பை 2015இல் இலவசமாக்கினார்கள். இன்று கணினியில் நிறுவும் ப்ரோ ஒன்று, பிரவுசரில் ஓடுவது ஒன்று, கைபேசிச் செயலி ஒன்று என்று மூன்று உருவங்கள். மூன்றும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். ஷேப்ஃபைல், ஜியோடிஃப் போன்ற வரைபடத் தரவுக் கோப்புகளைத் திறக்கவும், பெரிய அளவில் படத்தைச் சேமிக்கவும் ப்ரோதான் தோது. 1984 முதலான மாற்றத்தைச் சலனப்படமாகக் காட்டும் டைம்லாப்ஸ் பிரவுசர் பதிப்பில் இருக்கிறது.

கூர்மையில் இதை இலவசத்தில் மிஞ்ச ஆள் குறைவு. மொய்னாக் கப்பல்களை மணலில் ஒவ்வொன்றாக எண்ணலாம், எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்றுகூடப் பார்க்கலாம். டைம்லாப்ஸை ஓடவிட்டால் 1980களின் இறுதியில் கடல் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிவதும், 2005இல் கோக்-ஆரல் அணை கட்டிய பிறகு வடபகுதி மட்டும் மீண்டும் நிரம்புவதும் சில நொடிகளில் கண்முன் நடக்கும். இதற்கு இணையாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இனி மறைந்திருக்கும் விலை. முதலாவது தேதி. திரையின் அடியில் தெரியும் தேதி திரை முழுவதற்குமானது அல்ல, ஒட்டுத் துணியின் ஒரு துண்டுக்கானது. ப்ரோவின் காலக் கோட்டைப் பின்னால் இழுத்தால் 1985 டிசம்பர் போன்ற தேதிகள் வரும். அதைப் பார்த்து "அந்த டிசம்பரில் இப்படி இருந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். அது ஓர் ஆண்டு முழுக்க எடுத்த லேண்ட்சாட் படங்களைக் கலந்து செய்த கூட்டுப்படம். அந்த டிசம்பரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. உருண்டைக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது மேகமில்லாத படமே முன்னுரிமை பெறும். அதனால் மழைக்காலம் தனியாக உள்ள பகுதிகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வறண்ட பருவத்தை. குளம் வற்றிக் கிடக்கும், ஆற்றில் மணல் தெரியும். ஆண்டில் பாதி நாள் அது வேறு மாதிரி இருக்கும் என்பதை உருண்டை சொல்லாது.

மூன்றாவது, படம் உட்காரும் இடம். காலக் கோட்டை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ஒரே வீடு சில மீட்டர் இடமும் வலமும் குதிக்கும். செயற்கைக்கோள் சாய்வாகப் பார்த்து எடுத்த படங்களில் உயரமான கட்டடத்தின் கூரை ஒரு பக்கமும் அடித்தளம் ஒரு பக்கமுமாகச் சாய்ந்து கிடக்கும். அளப்பதானால் தரையைத் தொடும் விளிம்பில் அளக்க வேண்டும். கூரையை அளந்தால் இடம் தப்பும். பாலம் சில இடங்களில் உருகிய மெழுகு போல ஆற்றுக்குள் தொய்ந்து கிடப்பதும் இதே குடும்பத்துக் கோளாறுதான். கீழே உள்ள உயரத் தரவில் பாலம் கிடையாது, பள்ளத்தாக்கு மட்டும் உண்டு. படத்தை அதன் மேல் போர்வை மாதிரி போர்த்தினால் பாலமும் பள்ளத்துக்குள் இறங்கத்தானே செய்யும்? வேலி எங்கே வரவேண்டும் என்ற தகராறைத் தீர்க்க இந்தப் படத்தை நம்பிப் போகாதீர்கள்.

நான்காவது உரிமை. மூலத் தரவு கைக்கு வராது. படத்தைப் பயன்படுத்தினால் படம் தந்தவர் பெயரை அழிக்கக்கூடாது. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்காகக் கூகுள் படத்தைப் பார்த்து வரைவதற்கு அனுமதி இல்லை. தெரியாமல் வரைந்தவர்களின் உழைப்பு அழிக்கப்பட்டதும் உண்டு.

எப்போது இது: ஒரு இடம் பார்க்க எப்படி இருக்கும் என்று தெரியவேண்டும், பாடம் நடத்தவேண்டும், பயணத்துக்கு முன் நிலத்தோற்றம் பழகவேண்டும் என்றால் வேறெதையும் தேட வேண்டாம்.

## ஆர்க்ஜிஐஎஸ் எர்த், கூடவே வேபேக்

வரைபட மென்பொருள் செய்யும் எஸ்ரி நிறுவனத்தின் இலவச உருண்டை, 2016இல் வந்தது. விண்டோஸ் கணினியிலும் கைபேசியிலும் ஓடுகிறது. தோற்றத்தில் கூகுள் எர்த்தின் தம்பி. ஏற்கெனவே எஸ்ரி மென்பொருளில் வேலை செய்யும் அலுவலகத்துக்கு இது பொருத்தம். அந்தத் தரவு எல்லாம் சிரமமின்றி உள்ளே வரும். அப்படி இல்லாதவருக்கு இதை நிறுவ வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே நிறுவனத்தின் வேபேக் தளம் மட்டும் வேறு கதை. உருண்டை அல்ல, பிரவுசரில் திறக்கும் தட்டை வரைபடம். எஸ்ரியின் உலகப் படத்தொகுப்பு 2014 முதல் எப்படியெல்லாம் மாறியது என்பதைப் பதிப்பு பதிப்பாக வைத்திருக்கிறார்கள். கூகுளில் மேகம் மறைத்த இடம் இங்கே தெளிவாக இருப்பதுண்டு. ஒரு பொறி இருக்கிறது: பட்டியலில் உள்ள தேதி படம் வெளியான தேதி, எடுத்த தேதி அல்ல. வரைபடத்தின் மேல் சொடுக்கினால்தான் எடுத்த தேதி வரும். நான்கு ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு பதிப்புகளில் ஒரே படம் இருக்கக்கூடும். "நான்கு ஆண்டுகளாக ஒரு செங்கல்கூட நகரவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எப்போது இது: கூகுள் படத்தை இன்னொரு கண் கொண்டு சரிபார்க்க. நான் வேபேக்கை எப்போதும் பக்கத்து டேபில் திறந்தே வைத்திருப்பேன்.

## கோபர்நிகஸ் பிரவுசர்

சுழலும் உருண்டையை எதிர்பார்த்து வந்தால் முதல் பார்வையில் ஏமாற்றம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் கோபர்நிகஸ் திட்டத்தில் உள்ள சென்டினல் செயற்கைக்கோள்களின் படங்களைப் பிரவுசரில் பார்க்கும் வசதி இது. ஆனால் "தேதி வேண்டும்" என்பவருக்கு இதுதான் வீடு. சென்டினல்-2இன் இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்குத் திரும்பி வருகின்றன. நாட்காட்டியில் நாளைத் தேர்ந்தால் அந்த நாளின் படம். ஒட்டு இல்லை, கலப்பு இல்லை, மேகம் இருந்தால் மேகமும் அப்படியே. எல்லாப் படமும் அந்தந்த இடத்தின் காலை பத்தரை மணி வாக்கில் எடுத்தவை என்பதால் அருகருகே உள்ள இரண்டு தேதிகளை ஒப்பிடும்போது ஒளி அதிகம் ஏமாற்றாது.

மொய்னாக்குக்குப் போனால் கப்பல்? மறந்துவிடுங்கள். 30 மீட்டர் கப்பல் இங்கே மூன்று புள்ளி. கப்பல் என்று தெரிந்து பார்த்தால் ஒரு கறை மாதிரி தெரியும், தெரியாதவருக்கு அதுவும் இல்லை. ஆனால் வடக்கே போய்க் கடலின் இன்றைய கரையைப் பாருங்கள். ஜூன் முதல் வாரம் எங்கே இருந்தது, செப்டம்பரில் எங்கே போனது என்று கோடு போட்டுக் காட்டிவிடலாம். கூகுள் எர்த்தில் இது நடக்காத காரியம்.

கண்ணுக்குத் தெரியாத ஒளியும் இதில் உண்டு. அருகு அகச்சிவப்புப் பட்டையைச் சிவப்பாகக் காட்டச் சொன்னால் நல்ல பயிர் பளீரென்று சிவந்து நிற்கும், வாடிய பயிர் மங்கும், தண்ணீர் கிட்டத்தட்டக் கருப்பாகும். கண்ணுக்கு ஒன்று போலத் தெரிந்த இரண்டு பச்சை வயல்கள் இங்கே வேறு வேறாகப் பிரியும். வெள்ள நேரத்தில் மேகம் மூடிக் கிடந்தால் சென்டினல்-1 ரேடாரைத் திறக்கலாம். அது மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், இரவிலும் பார்க்கும். அமைதியான நீர்ப்பரப்பு ரேடாரில் கருப்பு. காற்றடித்து அலை எழும்பினால் அதே நீர் வெளுத்துவிடும். அதனால் ஒரே ஒரு ரேடார் படத்தை வைத்து "வெள்ளம் வடிந்துவிட்டது" என்று சொல்லக்கூடாது.

இதன் விலை உங்கள் நேரம். பட்டைகள், மேக சதவீதம், தரவு நிலை என்று கற்றுக்கொள்ள ஒரு வாரமாவது ஆகும். தரவை இறக்க இலவசக் கணக்கு தொடங்க வேண்டும். ஒரு தொகுப்பு சுமார் 100 கிலோமீட்டருக்கு 100 கிலோமீட்டர் நிலம். கோப்பு 1 ஜிபி வரை போகும். உங்களுக்கு வேண்டியது அதில் ஒரு மூலையில் இருக்கும் குளமாக இருந்தாலும், மூலக் கோப்பாக வேண்டுமானால் முழுத் தொகுப்பையும்தான் இறக்க வேண்டியிருக்கும். பார்ப்பதற்கு மட்டுமானால் திரையில் தெரிவதையே படமாகச் சேமித்துக்கொள்ளலாம்.

உரிமையில் கஞ்சத்தனம் இல்லை. மூலம் குறிப்பிட்டால் போதும், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

எப்போது இது: கேள்வியில் "எப்போது" என்ற சொல் இருந்தால். பயிர், நீர்நிலை, காட்டுத்தீ பரவிய பரப்பு, புதிதாகத் தோண்டிய சுரங்கம் போன்றவற்றுக்கு.

## நாசா வேர்ல்ட்வியூ

இது நாசாவின் இணையதளம். மேலே சொன்ன வேர்ல்ட்வியூ-3 செயற்கைக்கோள் வேறு. கிட்டத்தட்ட உலகம் முழுவதும், ஒவ்வொரு நாளும், படமெடுத்த சில மணி நேரத்துக்குள் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டு வரை பின்னால் போகலாம். கணக்கு வேண்டாம், எதையும் நிறுவவும் வேண்டாம். ஒரு பிக்ஸல் 250 மீட்டர் என்பதால் தெரு, ஊர் எல்லாம் மறைந்துவிடும். புயல், புகை, தூசி, பனி, பெருங்காட்டுத்தீ இவைதான் இதன் உலகம். 2014 ஆகஸ்டைத் திறந்து ஆரல் கடலைப் பாருங்கள்: தென்பகுதியின் கிழக்குப் படுகை முழுவதும் வறண்டு வெளிறிக் கிடக்கும். காற்றடிக்கும் நாட்களில் அந்த உப்புத் தரையிலிருந்து கிளம்பும் தூசி நூறு கிலோமீட்டர்க் கணக்கில் நீள்வதும் தெரியும்.

எப்போது இது: வானத்தில் என்ன நடக்கிறது என்று இன்றே தெரிய வேண்டுமானால்.

## மார்பிளும் வேர்ல்ட் விண்டும்

மார்பிள், கேடிஈ என்ற திறமூல மென்பொருள் குழுவின் கட்டற்ற உருண்டை. பழைய, மெலிந்த கணினியிலும் ஓடிவிடும். செயற்கைக்கோள் படம் என்று பார்த்தால் கொஞ்சம் ஜூம் செய்ததுமே கலங்கிவிடும். அதன் பலம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடமும் நிலா, செவ்வாய் உருண்டைகளும்தான். 1689ஆம் ஆண்டின் உலக வரைபடத்தை உருண்டையில் சுற்றி வைத்திருக்கிறார்கள். வேலைக்கு ஆகாது, ஆனாலும் நான் அதைத்தான் அதிகம் சுழற்றியிருக்கிறேன்.

நாசாவின் வேர்ல்ட் விண்ட் கூகுள் எர்த்துக்கு ஓராண்டு முன்பே, 2004இல் வந்தது. பிற்பாடு அது நிரலாளர்களுக்கான கருவிப் பெட்டியாக மாறியது. 2019இல் நாசா அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தது. பழைய கட்டுரைகள் இன்னமும் இதைப் பரிந்துரைக்கின்றன. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு இது வேண்டாம்.

## சீசியம்

இது பார்வையாளருக்கானது அல்ல, உருண்டையைத் தன் இணையதளத்தில் கட்ட நினைப்பவருக்கானது. சீசியம்ஜேஎஸ் என்பது திறமூல நிரல் நூலகம், அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கிறது. நிரல் இலவசம். படமும் நிலத்தோற்றமும் யாரிடமிருந்து வருகின்றன என்பதில்தான் செலவு ஒளிந்திருக்கிறது. சோதனைக்குப் பத்துப் பேர் பார்க்கும்போது இலவச வரம்புக்குள் நிற்கும் கணக்கு, தளத்துக்குக் கூட்டம் வந்ததும் எகிறும். தொடங்கும் முன்பே படச் சேவையின் கட்டண அட்டவணையை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | கூர்மை | புதுமை | பழைய படம் | உரிமை | கவனிக்க |
|---|---|---|---|---|---|
| கூகுள் எர்த் | மிக அதிகம் | மாதங்கள் முதல் ஆண்டுகள் வரை பழையது | கூட்டுப்படம் 1984 முதல் | பார்க்க மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள் | ஒட்டு, தேதிக் குழப்பம் |
| வேபேக் | மிக அதிகம் | அதே நிலை | பதிப்புகள் 2014 முதல் | கட்டுப்பாடு உண்டு | வெளியான தேதி வேறு, எடுத்த தேதி வேறு |
| கோபர்நிகஸ் பிரவுசர் | 10 மீட்டர் | சில நாட்கள் | சென்டினல்-2க்கு 2015 முதல் | தாராளம் | கற்கும் நேரம், பெரிய கோப்பு |
| வேர்ல்ட்வியூ | 250 மீட்டர் | சில மணி நேரம் | 2000 முதல் | தாராளம் | ஊர் தெரியாது |
| மார்பிள் | குறைவு | பொருந்தாது | இல்லை | கட்டற்றது | படத்துக்காக அல்ல |

## கலந்து பயன்படுத்தும்போது

அனுபவத்தில் யாரும் ஒன்றோடு நிற்பதில்லை. என் வழக்கம் இது: மாற்றம் எந்த வாரத்தில் நடந்தது என்று முதலில் கோபர்நிகஸில் பிடிப்பேன், அது என்ன மாற்றம் என்று கூகுள் எர்த்திலோ வேபேக்கிலோ கிட்டப் போய்ப் பார்ப்பேன். வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும், ஏனென்றால் கூர்மையான படத்தில் எதைப் பார்த்தாலும் அது முக்கியம் போலவே தோன்றும்.

ஒரு இடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஆயத்தொலைவைத் தசம எண்ணில் நகலெடுங்கள். தேடல் பெட்டிகள் பெரும்பாலும் அட்சரேகையை முதலில் கேட்கும். ஆனால் கூகுள் எர்த்தில் குறித்த இடங்களைச் சேமிக்கும் கேஎம்எல் கோப்பைத் திறந்து பார்த்தால் தீர்க்கரேகைதான் முதலில் எழுதியிருக்கும். மொய்னாக் ஏறத்தாழ 43.8 வடக்கு, 59.0 கிழக்கு. கோப்பிலிருந்து அப்படியே நகலெடுத்து 59.0, 43.8 என்று தேடல் பெட்டியில் ஒட்டினால் ரஷ்யாவுக்குள் எங்கோ ஒரு காட்டில் போய் இறங்குவீர்கள். கப்பலும் இருக்காது, கடலும் இருக்காது.